டைரக்டர் நிற்கும்போது

என் மாமனாரைப் பூங்காவில் நடக்கும் முதியோர் உடற்பயிற்சிக்கு அனுப்பலாமா? இன்னும் எனக்கு விடை தெரியவில்லை. தில்லி சரோஜினி நகர் பால் பூத் வரிசையில் குழந்தையோடு நின்றபோது, எனக்கு முன்னால் இரண்டு பெரியவர்கள் பேசிக்கொண்டது இது.

"டைரக்டர் சார் நிக்கறச்சே நான் எப்படி ஓய் உட்கார்றது?"

"பார்க்குல என்னங்காணும் டைரக்டர்? ஆபீஸ்லேர்ந்து அவர் ரிட்டையர் ஆகி ஆறு வருஷம் ஆச்சே!"

"அவர் ஆயிட்டார். என் முழங்காலுக்கு இன்னும் ஆர்டர் வரலை. எக்சர்சைஸ் மாஸ்டர் உட்கார்ந்து எழுந்துக்கச் சொல்றார். டைரக்டருக்கு முட்டி மடங்காது, நிக்கறார். பின்னாடி, அவர்கிட்ட வேலை பார்த்த நாங்க எட்டு பேரும் நிக்கறோம்."

"தினம் உட்கார்ந்து எழுந்துக்கலைன்னா கால் மரக்கட்டை ஆயிடும்னு டாக்டர் உம்மகிட்ட சொன்னாரே!"

"மாஸ்டரும் பாவம், டைரக்டருக்கு ஒரு நாற்காலி போட்டுப் பார்த்தார். உட்கார்ந்தார். எங்களையும் உட்காரச் சொல்லணுமோல்லியோ? சொல்லலை."

"அச்சா, நாற்காலியை உங்களுக்குப் பின்னாடி போடச் சொல்லும். கண்ணுல பட மாட்டார்."

"பின்னாடியா? அப்புறம் யார் யார் லேட்டுன்னு குறிச்சுண்டே இருப்பார்!"

வீட்டுக்கு வந்தும் எனக்கு மனம் அடங்கவில்லை. மாமனார் அந்த டைரக்டருக்கும் மேல் பதவியில் ஓய்வு பெற்றவர். அவருக்கும் முழங்கால் மடங்காது. அனுப்பாவிட்டால் அவர் கால் இறுகிவிடும். அனுப்பினால் டைரக்டர் உட்பட எல்லோருடைய காலும் இறுகிவிடும். அனுபவமுள்ள வாசகியர் யாராவது ஒரு வழி சொல்லுங்களேன்.