அரை ஆள் அதிகம்

இருந்தவர்கள்: ஜாலான் புசார் கடைவீட்டு மாடி அறையில், சன்னலோரம் டிரங்குப் பெட்டிமேல் அப்துல் அஜீஸ். எதிரே பாயில், மைக்கூட்டோடு மனு எழுதும் பாலகிருஷ்ணன். தட்டிக்கு அந்தப் பக்கம் அஜீஸின் மனைவி பதுருன்னிசா. பிள்ளைகள் இருவரும் கீழே குழாயடியில். வழக்கு முடிந்த அன்று சாயங்காலம்.

பாலகிருஷ்ணன்: ...நெரிசல் சட்டப்படி இந்த ரூமுக்கு மூணு பேருதான் பாய். பத்து வயசு முடியாத புள்ளை அரை ஆளு. நீங்க ஒண்ணு, தங்கச்சி ஒண்ணு, ரெண்டு அரை. சரியா இருந்துச்சு.

அஜீஸ்: அதைத்தானே கோர்ட்டுல சொன்னேன்.

பாலகிருஷ்ணன்: மக ஜரீனா வயசைக் கேட்டப்போ?

அஜீஸ்: ...பத்துன்னேன்.

பதுருன்னிசா: ஒம்பது முடிஞ்சு ஒரு மாசந்தான் ஆகுது.

அஜீஸ்: பத்து நடக்குதுல்ல. நாம எப்பவும் நடக்கிறதைத்தானே சொல்லுவோம்...

பாலகிருஷ்ணன்: சட்டம் முடிஞ்சதைக் கேக்குது. துபாஷி பத்துன்னே இங்கிலீஷுல சொல்லிட்டான். தகப்பன் வாயால சொன்னதுன்னு மாஜிஸ்திரேட்டு அவளை முழு ஆளாக்கிட்டாரு.

அஜீஸ்: அரை ஆளு கூடுதல்னா என்னைப் பாதியா வெட்டிக்கச் சொல்லுங்க.

பதுருன்னிசா: எந்தப் பாதியை? வாய் இருக்கிற பாதியையா?

அஜீஸ்: வேற ரூமு...

பாலகிருஷ்ணன்: இந்தத் தெரு முழுக்க இதே ஆள்கணக்கு நோட்டீஸ் ஒட்டியாச்சு பாய், எங்கயும் இடமில்ல. அப்பீல் போடலாம். எங்க வழக்கம் இதுன்னு விவரமா எழுதுறேன். ஜெயிக்கலாம். இன்னும் பதினோரு மாசம் ஜரீனா உங்களோட இருப்பா.

அஜீஸ்: எழுதுங்க. இப்பவே...

பதுருன்னிசா: வேணாம்ண்ணே. நாகூர்ல எங்க உம்மாவுக்குக் காயிதம் எழுதுங்க. புள்ளையை அனுப்புறோம்னு.

அஜீஸ்: நிசா...

பதுருன்னிசா: எழுதுங்கண்ணே.

பாலகிருஷ்ணன்: '...பேத்தியை வருகிற கப்பலில், ஊருக்கு வரும் ஒலி முகம்மது குடும்பத்தாரோடு அனுப்பி வைக்கிறோம்.' வேற?

பதுருன்னிசா: தனியாப் படுக்கப் பயப்படுவா. பக்கத்துல போட்டுக்கச் சொல்லுங்க.

பாலகிருஷ்ணன்: ...எழுதியாச்சு. அரக்கும் வச்சாச்சு. பாய், கடைசியாக் கேக்குறேன்...

பதுருன்னிசா: தபால்ல சேர்த்துடுங்கண்ணே. நேரமாகுது.

அஜீஸ்: படியிறங்கிட்டாரு... உனக்கு மனசே இல்லையா நிசா? ஜெயிக்கிற வழக்கு.

பதுருன்னிசா: ஜெயிச்சாலும் ஆறு மாசத்துல இன்னொரு அரை வருதுங்க. வேத்தாள் முன்னாடி எப்படிச் சொல்லுவேன்... அதை எந்தக் கப்பல்ல ஏத்துவீங்க?