எரையற பேஸ்

தொட்டுப் பாருங்க அம்மணி, கடிக்காது. நானும் வந்ததுல இருந்து பாக்கறேன், கைய நீட்டறீங்க, இழுத்துக்கறீங்க. அஃப்தாப் பாய் தொழுகை முடிச்சு வர இன்னும் அரை மணி ஆகும். வெள்ளிக்கெழம ஆச்சுன்னா ஒண்ணேகாலுக்கு வாத்தியக் கடைய அப்பிடியே போட்டுட்டுக் கெளம்பிருவாரு. உள்ள இருக்கறவங்கதான் காவலு. இன்னைக்கு நீங்களும் நானும்.

ஆமாங், நானும் இந்த பேஸ் வாத்தியத்துக்குத்தான் வந்தேன். அட, எதுக்கு எந்திரிக்கறீங்க, உக்காருங்க. பாய் சொல்லிபோட்டாரு, மொதல்ல வந்தது நீங்க, நீங்க வேண்டாம்னாத்தான் எனக்குன்னு. நாயந்தானுங்களே. ரெண்டு பஸ்ஸு மாறி ஆர்.எஸ்.புரம் வந்து சேர்றேன், பத்து நிமிஷத்துல உட்டுபோட்டேன். அதுக்காக நான் உங்க மனசக் கலைப்பேன்னு நெனைக்காதீங்க. அந்தப் பழக்கமே எனக்குக் கெடையாது. தெரிஞ்சத நாலு வார்த்த சொல்றேன், அவ்வளவுதான்.

பேரு என்னங்? ரித்திகாவா. என்ற பேரு பூவாத்தா. ஆவாரம்பாளையத்துல எங்களுக்கு மோட்டாரு ரீவைண்டிங் பட்டறை. எரிஞ்சுபோன பம்பு மோட்டாரு வரும், பழைய காயில உருவிப்போட்டுப் புதுசு சுத்திக் குடுக்கோணும். எங்கூட்டுக்காரரு லேத்துல நிப்பாரு, காயில் சுத்தறது நானு. இருவத்தாறு வருஷமாச்சுங்க. பைய எதுக்குப் பாக்கறீங்க? சோத்து டப்பா, டெஸ்டரு, இன்சுலேசன் டேப்பு. தொழில்காரி பையில வேற என்ன இருக்கும்.

சிரிச்சுக்கங்க, சிரிச்சுக்கங்க. மோட்டாரு சுத்தறவளுக்கு பேஸ் எதுக்குன்னுதானே. அத அப்பறம் சொல்றேன், மொதல்ல சாமானப் பாருங்க. நிக்க வெச்சு வாசிக்கற பேஸுன்னா பெரிய பிடிலு கணக்கா பீரோ ஒசரம் இருக்கும், ஆட்டோவுல ஏறாது. அதுல ஒடம்ப எடுத்துபோட்டு எலும்ப மட்டும் நிக்க வெச்சா இது. கரண்ட்டு குடுத்தாத்தான் பேசும்.

நீங்க இதுவரைக்கும் என்ன வாசிச்சிருக்கீங்க? கிட்டார் மாதிரி மடியில வெச்சுக்கற பேஸா. மூணு வருஷமா. அப்ப ஒண்ணு சொல்லிபோடறேன், இதுல கட்டம் கெடையாது. எங்க வெரல வெச்சா எந்தச் சத்தம்னு காதுதான் சொல்லோணும். ஒரு நெல்லு நகந்தாலும் ஊரே திரும்பிப் பாக்கும். இல்லீங்க, பயப்படுத்தல, சொல்றேன்.

கழுத்தப் பாருங்க. லேத்துல ஷாஃப்டப் பாக்கறாப்பல ஒத்தக் கண்ண மூடிட்டு மேல இருந்து கீழ பாக்கோணும். நேரா இருக்கா? இருக்குங், ஒத்துக்கறேன். கம்பி பலகைய உட்டு எவ்வளவு மேல நிக்குதுன்னு வெரல உட்டுப் பாருங்க. எச்சா இருந்தா ஒரே வாரத்துல வெரலு கொப்புளிச்சுரும். ஸ்டேண்டு மரையெல்லாம் புடிக்குதான்னு பாருங்க. கம்பி ஒரு செட்டு மாத்தோணும்னா என்ன வெலைன்னு பாய்கிட்டக் கேட்டீங்களா? கேட்டுக்கங்க, கேட்டுபோட்டு நல்லா மூச்சு உட்டுக்கங்க. ஆம்ப்ளிஃபயரு வேற தனியா. வாங்கறவங்க சாமான் வெலைய மட்டுந்தான் பாப்பாங்க, கூட வர்ற ஒறம்பறைச் சனத்த யாரும் பாக்கறதில்ல.

ஆன்லைன்லயா? வேண்டாங். பேரில்லாத கம்பெனிது கம்மி வெலைல வரும், ஒரு மழைக்காலத்துல கழுத்து வளைஞ்சுரும். நல்லது புதுசுன்னா எம்பதாயிரத்துக்கு மேல. மொத தடவ வாங்கறவங்களுக்குப் பழசுதான் நல்லது, நல்ல பழசா இருந்தா. இது நல்ல பழசான்னு கேட்டா, அங்கதானுங்க சங்கடம்.

பாயோட ஆம்ப்ளிஃபயரு சுச்சப் போடுங்க. கேக்குதா? உர்ர்ருனு எரையுது பாருங்க. இப்பக் கம்பியத் தொடுங்க. நல்ல சாமானா இருந்தா கை பட்டதும் எரைச்சல் அடங்கிப்போகோணும். அடங்குச்சா? இல்லீங்களே. அதுக்குத்தான் பாய் முப்பத்தெட்டு சொல்லிட்டிருந்தவரு முப்பத்திரண்டுக்கு எறங்கி வந்தாரு. போன வாரம் வரைக்கும் கம்முனு இருந்த சாமானாமா. பாவம், அவருக்கே வெளங்கல. என்னவா இருக்கும்னு என்னையக் கேட்டா, உள்ள கம்பிச் சத்தத்தப் புடிக்கற காயிலு போயிருக்கும்னு வெச்சுக்கங்களே. காயில் சுத்தறவ சொல்றேன், அப்பறம் உங்க இஷ்டம்.

நீங்களே ரிப்பேர் பண்ணிக்குவீங்களா? அம்மணி, அந்த நெனப்பு மட்டும் வேண்டாம். அந்த நெனப்புல நாங்க பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எங்கூட்டுக்காரரு பொங்கியண்ணன்கிட்ட ஒரு பேஸ் வேணும்னு நான் கேட்டதும் என்ன சொன்னாரு தெரியுமா? கடைல எதுக்கு வாங்கோணும், நாமளே பண்ணிக்கலாம்னாரு. கோயமுத்தூர்க்காரங்க எல்லாத்துக்கும் இருக்கற வியாதி இது. ஏரோப்ளேனக் காட்டுனாலும் ரெக்கைய மட்டும் வெளிய குடுத்துச் செஞ்சுக்கலாம்பாங்க.

பழைய வாசல் நெலவுக் கட்டைல கழுத்து. அது தாங்காதுன்னு உள்ள ரெண்டிஞ்சு இரும்புப் பைப்பு. காயில் நாந்தான் சுத்தறேன்னு சவடாலா எறங்கிட்டேன். பேஸுக்குத் தலமுடிய உட மெல்லிசான ஒயரு வேணுமாமா, யாருக்குத் தெரியும். அஞ்சு எச்பி மோட்டாருக்குப் போடற ஒயர எடுத்து, மோட்டாருக்குச் சுத்தற மாதிரியே சுத்தி, வார்னீஷும் அடிச்சு வெய்யில்ல காயப்போட்டேன். சாமான் ரெடியாச்சு. தூக்க முடியல. பம்பு தூக்கற செயின் பிளாக்குல கட்டித்தான் நிக்க வெச்சோம். கரண்ட்டு குடுத்து ஒரு கம்பியத் தட்டுனேன் பாருங்க, எதுத்த ஊட்டு சென்னகேசவன் ஓடி வந்து, போரு போட்டீங்களாக்கும், எத்தன அடில தண்ணின்னு கேக்கறாரு.

இப்பவா? முருங்க மரத்துக்கு முட்டுக் குடுத்திருக்கறோம். நல்லாத் தாங்குது.

அதுக்கப்பறந்தான் அவரே வாயத் தொறந்தாரு, போயி வாங்கிக்கன்னு. அப்பவே வாங்கியிருப்பேன், கைல காசில்ல. ஒரு மில்லுல இருந்து வேலை முடிச்ச பணம் இந்தப் புதன்கெழமதான் வந்துச்சு. பாய் யாருக்கும் எடுத்து வெக்க மாட்டாரு, காசோட வர்றவங்களுக்குத்தான்னு முடிவா சொல்லிபோட்டாரு. ஒரு வாரமா எனக்குச் சோறு எறங்கல.

எப்பிடி ஆரம்பிச்சுதுன்னு கேட்டீங்கல்ல. எங்க பட்டறைக்கும் பக்கத்து ஊட்டுக்கும் ஒரே செவுரு. அங்க ஆல்வின் சாருன்னு ஒரு வாத்தியாரு. சர்ச்சுல பாடற கூட்டம் சாயங்காலமா அவரூட்டுல வந்து பழகும். சர்ச்சோட பெரிய பேஸு அவருகிட்டத்தான் இருந்துச்சு. நான் செவுத்துல முதுகச் சாச்சு உக்காந்து காயில் சுத்துவேன். பாட்டு எங்க பக்கம் வராது, பிடிலு வராது, கீபோர்டு வராது. பேஸு மட்டும் செவுத்துக்குள்ள பூந்து வரும். காதுல இல்லீங்க, முதுகுல கேக்கும். எட்டு வருஷம், பாட்டுன்னாலே அவ்வளவுதான்னு நெனச்சுட்டிருந்தேன். ஒரு கிறிஸ்மஸுக்குக் கேக்கு வாங்கப் போனப்பத்தான் முழுசாக் கேட்டேன். எனக்குப் புடிக்கவே இல்ல. இத்தன பேரு சேந்து அந்த நல்ல பாட்டக் கெடுக்கறாங்களேன்னு இருந்துச்சு. அதச் சொன்னேன். ஆல்வின் சாரு சிரிச்ச சிரிப்புல கேக்குத் தட்டு கீழ உழுந்துருச்சு. அடுத்த புதன்கெழம வாங்க, தொட்டுப் பாருங்கன்னாரு. மூணு வருஷம் சொல்லிக் குடுத்தாரு, ஒரு பைசா வாங்கல.

போன சித்திரைல ரிட்டயராகி மகங்கூட ஓசூருக்குப் போயிட்டாரு. பேஸு சர்ச்சுக்கே போயிருச்சு. இப்ப முதுகுல ஒண்ணும் கேக்கறதில்ல அம்மணி. சுத்து எண்ணிட்டே இருப்பேன், பாதியில உட்டுப்போகுது. வெறும் செவுரு. எனக்கு அழுவாச்சியா வருது, அம்பத்திரண்டு வயசுல இதச் சொன்னா யாரு கேப்பாங்க.

என்னங், நீங்க எதுக்கு வாங்கறீங்க? சரவணம்பட்டில அப்பார்ட்மெண்ட்டா. ஓஹோ, மேல் ஊட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க. அதனால ஹெட்ஃபோன் மாட்டி வாசிச்சுக்கலாம்னு. ஆமா, ஓட்டை இருக்குங், இங்க, கீழ. எல்லாரும் அதுக்குத்தான் இத வாங்கறாங்களாமா, யாருக்கும் கேக்காம வாசிக்கலாம்னு. எனக்கு அது மட்டும் புரியறதே இல்ல. நான் ஆம்ப்ளிஃபயர செவுத்தப் பாத்துத்தான் வெக்கப்போறேன். அந்தப்பக்கம் புதுசா ஒரு நர்ஸம்மா குடி வந்திருக்குது. அது முதுகச் சாச்சு உக்காருமோ என்னமோ, உக்காந்தாக் கேக்கட்டும்.

என்ன சொன்னீங்க? மறுக்காச் சொல்லுங்க.

வேண்டாமா? ஏனுங் அம்மணி, இப்பிடிப் பொசுக்குனு சொல்லிபோட்டீங்க. எரைச்சலுக்காகவா? இல்லையா. பொறவு? எனக்காகவா?

அட, உக்காருங்க. பைய மாட்டாதீங்க. இது என்னங் அநியாயம். நீங்க மொறச்சுட்டு எந்திரிச்சுப் போயிருந்தா நான் கம்முனு வாங்கிட்டுப் பஸ் ஏறியிருப்பேன். நீங்க எடுத்துக்கங்கக்கான்னு சிரிச்சுட்டே சொன்னா, நான் இத எப்பிடி ஊட்டுக்குக் கொண்டுட்டுப் போறது.

சேரி, உங்க செல்லுல லைட்டப் போடுங்க. போடுங்க, சொல்றேன். இங்க, இந்தப் பின்பக்க மூடிக்குக் காட்டுங்க. என்ற பையில அந்த டெஸ்டர எடுங்க. நாலு ஸ்குரூதான். வாசல்ல ஒரு கண்ணு வெச்சுக்கங்க, பாய் வந்துரப்போறாரு. ஆ, தெரியுதா, இந்தக் கருப்பு ஒயரு? எர்த்து ஒயருங்க. கம்பில இருந்து வந்து இந்த ஆணிக்கு அடியில இருக்கோணும். இப்பிடித் தொங்குனா எரையத்தான் செய்யும். காயிலு நல்லாத்தான் இருக்குது, அதுக்கு ஒரு கொறையும் இல்ல.

எனக்கு எப்பிடித் தெரியும்னா? போன வெள்ளிக்கெழம இதே நேரத்துக்கு, பாய் தொழுகைக்குப் போயிருந்தப்ப, நாந்தானுங்க கழட்டி உட்டேன். பணம் வர்ற வரைக்கும் யாரும் வாங்கிறக் கூடாதுன்னு. அவரு வெலையக் கொறைப்பாருன்னு சாமி சத்தியமா நெனைக்கல. வாங்கியிருந்தா முப்பத்தெட்டே குடுத்திருப்பேன். சிரிக்காதீங்க அம்மணி, லைட்டு ஆடுது.

முடுக்கியாச்சு. கம்பியத் தொடுங்க. பாத்தீங்களா, கம்முனு ஆயிருச்சு. இப்பத் தட்டுங்க, அந்தத் தடிக் கம்பிய.

ம்ம்.

நல்ல சாமானுங்க. நீங்க வேண்டாம்னு சொன்னது எரையற பேஸ, இது வேற. அதனால மறுக்காக் கேக்கறேன், வேணுமா வேண்டாமா? வெரசாச் சொல்லுங்க, பாய் வெளிய செருப்பக் கழட்டறாரு. வரிசைல இன்னும் மொத ஆளு நீங்கதானுங்க.