எல்லாக் கேமராவுக்கும் கறுப்புக் கண்ணாடி

என் மச்சினனுக்குத் தேநீர் போடத் தெரியாது. அவன் அக்காவுக்கும் தெரியாது. அவள் போய்ச் சேர்ந்த பிறகும் வாயில் வைக்க முடியாத அதே தேநீர் அவன் கையால் எனக்குத் தினமும் கிடைத்தது. என் மனைவி என்று எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

எனக்கும் அவனுக்கும் ஒரே லேசர் கூடத்தில் வேலை. லேசர் கதிர் சரியாக வருகிறதா என்று சில கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்கும். கதிர் வலுத்தால் அவை கருகிவிடும். அதனால் ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சக்கரம், அதில் பல அடர்த்தியில் கறுப்புக் கண்ணாடி ஃபில்டர்கள். நான் வெளியறையில் பொத்தானை அழுத்தினால் உள்ளே சக்கரம் சுழலும். அது சிக்கிக்கொண்டால் மட்டும் யாராவது உள்ளே போக வேண்டும்.

அன்று காலை, வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது என்றான்.

"எத்தனை நாளைக்கு மாமா ரெண்டு பேரும் சுவத்தப் பாத்துக்கிட்டு சாப்பிடறது? நீங்களும் ஒரு கல்யாணம் பண்ணிக்கங்க. மாப்பிள்ளைத் தோழனா நானே வந்து நிக்கறேன்."

நியாயமான பேச்சு. எனக்குக் கோபம் வரவில்லை.

மதியம் ஒரு சக்கரம் சிக்கியது. அவன் உள்ளே போனான். கதிரை மறைக்கும் மூடியின் பொத்தானும் என்னிடம்தான் இருந்தது. அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. சக்கரத்தின் பல்லைப் பார்க்க, காப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கேமராவுக்கு நேர் முன்னால் குனிய வேண்டும். ஒலிபெருக்கியில் கேட்டான்.

"மூடியாச்சா மாமா? கண்ணாடியக் கழட்டவா?"

"மூடியாச்சு. கழட்டு."

அப்போது மூடித்தான் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை. பிறகு மற்ற கேமராக்கள் எல்லாவற்றுக்கும் இருப்பதிலேயே அடர்ந்த ஃபில்டரைக் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றும் வந்து நின்றதா என்று திரையில் பார்த்துக்கொண்டேன். அதன் பிறகு மூடியைத் திறந்தேன்.

கை தவறிப் பட்டுவிட்டதா என்று கேட்கிறீர்கள். கை தவறியிருந்தால் மற்ற கேமராக்களும் போயிருக்கும். அவன் விழுந்ததும், சிக்கிய சக்கரத்துக்குப் பின்னால் இருந்தது மட்டும் கருகியது. புதிய கேமரா. வருத்தம்தான்.

இரண்டு கண்ணிலும் பார்வை திரும்பாது என்கிறார் டாக்டர். வேறு ஊர்ப் பேச்சை அவன் எடுக்கவில்லை. நேற்று என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, "நீங்க இருக்கீங்கல்ல மாமா" என்றான். இருக்கிறேன் என்றேன்.

வாக்குமூலத்தை எழுதி முடித்துவிட்டீர்கள் என்றால் என்னை அனுப்பிவிடுங்கள். நான் போய் ஊட்டாவிட்டால் அவன் சாப்பிட மாட்டான்.