மூன்றரை மணிக்கு வருகிறவள்

கரண்ட் போனால் போகட்டும். மெழுகுவர்த்தியை நடுவில் வையுங்கள். வாசல் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி வரலாம். பயந்தால் பாதியில் எழுந்து போகக்கூடாது. எனக்குக் கோபம் வரும்.

இது என் சிநேகிதியின் நாத்தனாருக்கு நடந்தது. பேர் வேண்டாம். ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. ஊசி ஏறுவதே தெரியாது, அத்தனை பதமான கை. ஆனாலும் அவள் இருந்த அடுக்குமாடிப் பிள்ளைகள் அவளைக் கண்டாலே கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு "ஊசியக்கா" என்று ஓடும். அந்தப் பெயரே நமக்கும் போதும்.

மதியம் மூன்றரை மணி... பேய் வருகிற நேரமா இது என்று சிரிக்காதீர்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து அவள் வீட்டுக்கு ஒரு நீளமான தெரு. ஒரு பக்கம் கிடங்கின் மதில். இன்னொரு பக்கம் உடைந்த குழாய்கள் குவிந்த காலி மனை. அந்த நேரத்தில் அங்கே ஒரு ஈ காக்கை இருக்காது. வெயிலில் நம் செருப்புச் சத்தம் நமக்கே பெரிதாகக் கேட்கும்.

எப்போதும் இருட்டிய பிறகு வருகிறவள் அன்றைக்குச் சீக்கிரமே கிளம்பியிருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பெண் போய்க்கொண்டிருந்தது. இரட்டைப் பின்னல். முதுகில் பை. புது ஷூ போலிருக்கிறது, ஒவ்வொரு அடிக்கும் கிறீச்... கிறீச்... ஊசியக்கா நடையை எட்டிப் போட்டாள். இடைவெளி குறையவில்லை. மெதுவாக நடந்தாள். அப்போதும் அதே தூரம்தான். அந்தப் பெண் இவள் குடியிருப்பின் கேட்டுக்குள் திரும்பியது, படியேறியது. கிறீச்... கிறீச்... இரண்டாம் மாடியில் சத்தம் நின்றது.

இவள் மூச்சு வாங்க ஏறிப் பார்த்தாள். யாரும் இல்லை. இரண்டு வீட்டுக் கதவும் சாத்தியிருந்தன. எந்தக் கதவும் திறந்த சத்தம் கேட்கவில்லை. அப்போதுதான் சீவிய பென்சிலின் வாசனை மட்டும் அங்கே நின்றது.

அந்த மாடியில் இரண்டே வீடு, எதிரும் புதிருமாக. நடுவில் ஒரு ஆள் நிற்கலாம். இரண்டு பேர் என்றால் ஒருவர் ஒதுங்க வேண்டும். எதிர்வீட்டில் தும்மினால் இவள் வீட்டில் கைக்குட்டை எடுக்கலாம், அவ்வளவு நெருக்கம்.

எதிர்வீட்டில் ஒரு ஒற்றை ஆள் புதிதாகக் குடிவந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற இடத்தில் வேலை. விடியுமுன் போவார், மதியம் வருவார், கதவைச் சாத்தினால் சாத்தியதுதான். சத்தமில்லை, வம்பில்லை. "தங்கமான மனுஷன்" என்று எல்லாரும் சான்றிதழ் கொடுத்து முடிப்பதற்குள் ஒரு போலீஸ்காரர் வந்து அவரை விசாரித்துவிட்டுப் போனார். மறுநாள் எல்லார் செல்போனுக்கும் ஒரு பழைய செய்திப் படம் வந்தது.

பள்ளி வேன் ஓட்டியவர். வேனில் வந்த ஒரு சிறுமி... அதற்கு மேல் நான் சொல்லமாட்டேன், உங்களுக்கே புரியும். ஜெயிலுக்குப் போனார். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட உயிரோடு இருக்கவில்லை. படத்தில் முடி கறுப்பாக இருந்தது. மற்றபடி அதே முகம்.

வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார்கள். தரைத்தளத்து வக்கீலம்மா மட்டும் நிதானமாகச் சொன்னார்.

"தண்டனை முடிஞ்சு வெளிய வந்திருக்கார். காலி பண்ணச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்ல. வீட்டுக்காரர்தான் சொல்லணும்."

"அதிகாரத்தை நீங்களே வெச்சுக்குங்க" என்றாள் மேல்மாடிக்காரி. "என் பிள்ளை அந்த ஆள் வாசலைத் தாண்டித்தான் படி ஏறணும்."

"எங்கயாவது ஒரு இடத்துல அவனும் இருந்துதானே ஆகணும்..." என்று பின்னாலிருந்து ஒருவர் இழுத்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்த பார்வையில் மனிதர் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நழுவினார். அவரையும் குறை சொல்ல முடியாது, இவர்களையும் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் பிள்ளையைத்தான் முதலில் பார்த்திருப்பேன்.

அந்தக் கூட்டத்தில் எல்லாரையும்விடக் கொதித்தவன் ஊசியக்காவின் தம்பி. அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை; எட்டு வயது மகளோடு அவள் தனியாக இருக்கிறாள் என்று துணைக்கு வந்தவன். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை. மருமகளைப் பஸ்ஸிலிருந்து அழைத்து வருவது, பாடம் சொல்லிக்கொடுப்பது, எல்லாம் அவன்தான்.

"அக்கா, நீ நிம்மதியா வேலைக்குப் போ. குட்டியை ஒரு நிமிஷம்கூட நான் தனியா விடமாட்டேன்" என்றான்.

"எனக்கும் ஒருத்தன் கூடப்பிறந்திருக்கானே, பணம் கேக்க மட்டும் போன் பண்றான்" என்று மேல்மாடிக்காரி பெருமூச்சு விட்டாள். ஊசியக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் குட்டி சரியாக இல்லை. சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ராத்திரி அம்மாவின் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டால்தான் தூக்கம். ஒருநாள் காலை கிளம்பும்போது, "என்னையும் லேபுக்குக் கூட்டிட்டுப் போம்மா" என்றாள்.

"ஸ்கூல் இல்லையா உனக்கு?"

"ஸ்கூலுக்குப் போறேன். சாயங்காலம்தான்... வீட்டுக்கு வரப் பயமா இருக்கு."

ஊசியக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு எதிர்க்கதவைக் காட்டினாள். "அவனை நெனச்சா?"

குட்டி அந்தக் கதவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பெற்றவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்... இவனை இங்கிருந்து விரட்டாமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினாள்.

அடுத்த வாரம் காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்தாள். தம்பி பஸ் நிறுத்தத்துக்குப் போயிருந்தான். மூன்றரை இருக்கும். படியில் சத்தம்.

கிறீச்... கிறீச்...

குட்டியின் ஷூ அப்படிக் கத்தாது. எழுந்து போய்க் கதவில் இருந்த கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தாள். ஒரு சின்ன உச்சந்தலை. எண்ணெய் வைத்து நேராக எடுத்த வகிடு. இரண்டு பக்கமும் பின்னல் தொடங்குகிற இடம். அவ்வளவுதான் தெரிந்தது, அத்தனை கிட்டத்தில் நின்றது அந்தப் பிள்ளை. அசையவில்லை. கதவிடுக்கு வழியாகப் பென்சில் வாசனை வந்தது.

எதிர்வீட்டுக் கதவின் முன்னால் நிற்கிறாள் என்று ஊசியக்கா நினைத்தாள். வேறென்ன நினைப்பாள்? அவன் கதவு திறப்பதற்குள் பிள்ளையை இழுத்துவிட வேண்டும் என்று தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

யாரும் இல்லை...

ஆனால் எதிர்க்கதவின் துளையில் வெளிச்சம் மறைந்திருந்தது. உள்ளே ஒரு கண். அவனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் போட்ட கூச்சலில் மொத்தக் குடியிருப்பும் மாடியேறிவிட்டது. உள்ளே ஒரு பிள்ளை இருக்கிறது, இழுத்து அடைத்துவிட்டான் என்றாள். அதற்குள் குட்டியோடு வந்து சேர்ந்த தம்பி ஒரே உதையில் கதவைத் திறந்தான். கட்டிலுக்கு அடியில், குளியலறையில், பரண்மேல் எல்லாம் தேடினார்கள். ஒரு நாற்காலி, ஒரு தட்டு, கொடியில் காய்கிற வேலைச் சட்டை. பிள்ளை இல்லை. பினாயில் நாற்றம் மட்டும். அந்த ஆள் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஊசியக்காவைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீங்களும் பாத்தீங்களா?"

தம்பி அவரைக் கன்னத்தில் அறைந்தான். யாரும் தடுக்கவில்லை. அன்றைக்கே வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டு, காலி செய்யச் சொல்லிவிட்டார்.

போகிற நாள் வந்தது. காலையில் வரவேண்டிய சாமான் வண்டி மதியம்தான் வந்தது. ஊசியக்கா அன்றைக்கும் வேலையிலிருந்து சீக்கிரமே கிளம்பி அதே தெருவில் நடந்து வந்தாள். நல்ல வெயில். கேட்டுக்கு வெளியே வண்டி நின்றது, பக்கத்தில் ஒரு பெட்டியோடு அந்த ஆள். இவளைக் கண்டதும் நாலடி தள்ளிப்போய், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒழிந்தான் என்று அவளுக்குள் ஒரு நிம்மதி. முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து போகப் பார்த்தாள்.

"அம்மா... ஒரே ஒரு வார்த்தை. நான் கிட்ட வரல."

அவள் நின்றாள். ஏன் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

"ஜெயில்லேருந்து வந்தப்புறம் நாலஞ்சு வீடு மாறிட்டேன். எங்க போனாலும் அந்தப் பொண்ணு இந்த நேரத்துக்கு வந்துடும். என் கதவைப் பாத்துக்கிட்டு நிக்கும். நான் உள்ளேருந்து பாப்பேன். முகம் தெரியும்... கண்ணை இமைக்காது. நான் பண்ணதுக்கு அது எனக்கு வேணும். அதைப் பத்தி நான் உங்ககிட்ட அழ வரல."

வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். அவர் பெட்டியைத் தூக்கினார், மறுபடி கீழே வைத்தார்.

"இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து முதுகுதாம்மா தெரியுது. முதுகு, பை, ரெண்டு பின்னல். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பல. உங்க கதவைப் பாத்துக்கிட்டு நிக்குது."

அவள் இரண்டாம் மாடியை அண்ணாந்து பார்த்தாள்.

"உங்க வீட்டுல யாரும்மா இருக்காங்க?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. வண்டி போய்விட்டது. ஊசியக்கா ஓடினாள். கைப்பை எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. எத்தனை நாள், எத்தனை நாள் என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது. சாயங்காலம்தான் பயமா இருக்கு என்று பிள்ளை சொன்னாளே... காதில் வாங்கியும் வாங்காமல் எதிர்க்கதவைக் காட்டினேனே...

இரண்டாம் மாடிப் படியில் குட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. காலில் ஷூ. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

"மாமா எங்கடி?"

"உள்ள."

"நீ ஏன் வெளிய உக்காந்திருக்க?"

"அந்த ரெட்டைப் பின்னல் அக்கா இங்கயே உக்காரச் சொன்னா. இன்னைக்கு அவ உள்ள போறாளாம்."

ஊசியக்கா மகளின் முன்னால் மண்டியிட்டு ஒரு கேள்வி கேட்டாள். என்ன கேட்டாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குட்டி ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினாள், மறுபடி அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். பிறகு அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. முதலில் விரலால்... அப்புறம் உள்ளங்கையால்... அப்புறம் தலையால் முட்டுகிற மாதிரி, மொத்தென்று.

"அக்கா... அக்கா, வந்துட்டியா? கதவைத் தெறக்கா... என்னால வெளிய வர முடியலக்கா..."

மருமகளை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடமாட்டேன் என்று சொன்ன அதே குரல், இப்போது சின்னப் பையன்போல அழுதது. அவனுக்குப் பின்னால், ரொம்பப் பக்கத்தில், கிறீச்... கிறீச்...

ஊசியக்கா மகளை இறுக்கிக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். அவள் எழுந்திருக்கவில்லை. மேல்மாடிக்காரி இறங்கி வந்து, வக்கீலம்மா ஏறி வந்து, போலீஸுக்குச் சொல்லி, அவர்கள் வந்து சேரும்வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அதற்கு வெகுநேரம் முன்பே உள்ளே சத்தம் நின்றுவிட்டது.

வந்த போலீஸ்காரர் சாவி கேட்டார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் சும்மா கைப்பிடியில் கையை வைத்தார். கதவு தானாகத் திறந்துகொண்டது.

பூட்டவே இல்லை. உள்ளே தாழ்ப்பாளும் போடவில்லை.