பீடிக்கடை ஜன்னலில் சாக்கு அடித்த விவரம்

பெயர் பாதுஷா. தகப்பனார் காலஞ்சென்ற சேக் இஸ்மாயில். வயது ஐம்பத்திரண்டு. இருப்பு மதுரை தெற்குவாசல். தொழில் பீடிக்கடை மேஸ்திரி. படிப்பு மூன்றாம் வகுப்பு, ஆனாலும் எந்தப் பத்திரத்தையும் எழுத்துக்கூட்டாமல் வாசிப்பேன்.

1937ஆம் வருஷம் ஐப்பசி மாதம் விசாரித்ததில் நான் சொல்வதாவது:

கடை என் தங்கை புருஷன் பக்கீர் முகமதுவுடையது. பெயர்தான் அவருடையது, நான் இல்லாமல் அங்கே ஒரு பீடி சுருளாது. உள்ளறையில் நாற்பது பேர் சுருட்டுகிறார்கள். இன்ஸ்பெக்டர் ஐயா மறுபடி கேட்டதில் பதினொரு பேர் என்று திருத்திச் சொல்கிறேன்.

அடைமழையில் சுருட்டிய பீடியெல்லாம் நமத்துப்போனதால், சீமையிலும் எவனுக்கும் தோன்றாத உபாயம் ஒன்று செய்தேன். ஈரக்காற்று வராதபடி இரண்டு ஜன்னலுக்கும் சாக்கு வைத்து ஆணி அடித்து, அறை நடுவில் கரியடுப்பு மூட்டி, அதன் மேல் தட்டில் பீடியைக் காயப்போடச் சொன்னேன். கரி போடும் வேலை வண்டியூர் மலைச்சாமிக்கு. பீடி மொறுமொறுவென்று வந்தது. அதன் பிறகு மூன்றாம் நாள் முதல் ஆட்களுக்குத் தலைவலியும் குமட்டலும் கண்டது. நான் டாக்டர் ஒருவரிடம் ஐந்து வருஷம் இருந்தவன், அதாவது அவர் வண்டி ஓட்டினேன். ஆகவே பித்தம் என்று சொல்லிச் சுக்குத் தட்டிக் கொடுத்தேன்.

மலைச்சாமி என்னிடம் வந்து, "அண்ணே, டீ குடிக்க வெளிய போனா வலி விட்டுருது, உள்ள வந்தா பிடிக்குது. அம்புட்டுப் பேருக்கும் அப்படித்தாண்ணே" என்றான். "நீ எப்பய்யா வைத்தியம் படிச்ச?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு அவன் ஒரு ஜன்னலின் சாக்கைப் பிடுங்கிவிட்டான். நான் திரும்பவும் அடித்தேன். முதலில் நாலு ஆணி, இந்தத் தடவை எட்டு.

மறுநாள் வியாழக்கிழமை மத்தியானம், பீடி சுருட்டுகிற சின்னான் புகையிலை முறத்தின் மேல் தலை சாய்த்திருந்தான். முகம் நல்ல சிவப்பாக இருந்ததால் சுகமாகத் தூங்குகிறான் என்று நினைத்து, "மாப்ள, பாய் தலகாணி கொண்டு வரட்டா?" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அதன் பிறகு மலைச்சாமிதான் அவனைத் தோளில் போட்டு வெளியே கொண்டுபோனான். மூச்சு இல்லை.

கரி போட்டவன் என்று மலைச்சாமியை இந்த ஸ்டேஷனுக்குப் பிடித்து வந்தார்கள். மச்சான் என்னிடம், "நீங்க வாயைத் திறக்காதீங்க, எல்லாம் தானா அடங்கிரும்" என்றார். இரண்டு நாள் திறக்கவில்லை. என் ஆயுசில் நான் பேசாமல் இருந்தது அந்த இரண்டு நாள்தான், ரொம்ப அசந்துபோனேன்.

சாக்கு அடித்தது நான். பிடுங்கியது அவன். இங்கே வரும்போது அவனைப் பார்த்தேன். அவன் இருக்கிற அறைக்கு ஜன்னலே இல்லை. அவனை வெளியே விட்டு, அந்த இடத்தில் என்னை வைக்கவும்.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடி சரியாக இருக்கிறது. கூட்டியது எதுவும் இல்லை.

(ஒப்பம்) பாதுஷா