ஊதுபத்தி மணக்கும் புது கார்டு

"ஏனுங்க, புது கார்டுல எப்படிங்க ஊதுபத்தி வாசம் வரும்?"

ஊட்டியிலிருந்து குன்னூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த பெண் கணவரிடம் கேட்டார். தேயிலைப் பாக்கெட்டுகளுக்கு வீட்டிலிருந்தே டிசைன் செய்கிறவர் என்று பேச்சில் தெரிந்தது. கம்ப்யூட்டருக்கு ஊட்டியில் வாங்கிய கிராபிக்ஸ் கார்டு அவர் மடியில் இருந்தது.

"கடையில கொளுத்தியிருப்பாங்க."

"சீல் பிரிக்காத பெட்டின்னு கடைக்காரர் சொன்னாருங்களே? ஸ்க்ரூவுல கீறலைப் பாருங்க. ஊதுபத்தி கொளுத்துற வீட்டுல யாரோ மாட்டிக் கழட்டியிருக்காங்க."

"அவன் எங்கூடப் படிச்சவன். என்னையவா ஏமாத்துவான்?"

"நீங்கன்னா பிரிச்சுப் பார்க்க மாட்டீங்கன்னு அவருக்குத் தெரியுமுங்க."

கணவர் போனை எடுத்தார். "டேய், கார்டு புதுசுதானே?" என்று கேட்டவர், "அப்ப பழசத்தான் குடுத்தியா?" என்று போனை வெட்டினார். பிறகு முகம் சுருங்கக் கண்டக்டரைக் கூப்பிட்டார்.

"கேத்தியில எறங்கிக்கறோம். ஊட்டி பஸ் எந்தப் பக்கம் நிக்குங்க?"