ஏழாம் இலக்கத் தகடு

பெரியோர்களே, தாய்மார்களே! இன்றிலிருந்து எண்ணெய்த் தாங்கிக்குள் எந்த மனிதனும் இறங்க வேண்டியதில்லை. இறங்கிக் கழுவ ரோபோ வந்துவிட்டது! இப்படி முழங்கி, ரிப்பன் வெட்டி, ரோபோவின் நெற்றியில் சந்தனமும் வைத்தார் மேனேஜர் சவுந்தரநாயகம்.

அன்று ராத்திரி நடந்ததை கொழும்பு மாளிகாவத்தைத் தொடர்மாடிப் படியில், கரண்ட் போன நேரம், தாஸிம் சொன்னான். நடந்தது அவன் மச்சான் அஷ்பாக்குக்கு.

இரண்டே கால் மணி. கொட்டாஞ்சேனைக்குக் கீழே துறைமுகத்து வீதி. நாய்கூட இல்லை. டிசம்பர் மழை. தாங்கியின் அடியில் எண்ணெய் குளிருக்குத் தொதல் அல்வாவாய் இறுகியிருந்தது... ரோபோவுக்குக் குளிரக்கூடாதென்று ஹீட்டர் வைத்த கூடாரம். அஷ்பாக்குக்கு ஒரு கிழிந்த ரெயின்கோட்.

முன்பு அஷ்பாக் வெளியே கயிறு பிடிப்பவன். உள்ளே இறங்குவது நமசிவாயம். இறங்குமுன் தன் ஏழாம் இலக்கத் தகட்டை வாசல் ஆணியில் மாட்டுவான். தகடு தொங்கினால் ஆள் உள்ளே. கயிறு மூன்று தரம் இழுபட்டால், என்னைத் தூக்கு என்று அர்த்தம். போன வருஷம் ஒரு நாள் அஷ்பாக் பிளேன்டீ குடிக்கப் போனான். திரும்பியபோது கயிறு தளர்ந்து கிடந்தது. உள்ளே நமசிவாயத்துக்கு மூச்சில்லை.

"தகட்டைக் கழட்டும். ஆள் உள்ளுக்கு இறங்கவேயில்ல, குடிச்சிட்டு வெளியில விழுந்தவன். விளங்குதா?" என்றார் சவுந்தரநாயகம்.

அஷ்பாக் கழற்றிக் கடலில் வீசினான்.

நமசிவாயத்தின் மனைவி சுபோதினி கேட்டது ஒன்றுதான். "அவர் வேலையிலதான் செத்தவர் எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ அண்ணே." அஷ்பாக் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒரு வார்த்தைதானே?" என்றாள், படியில் கதை கேட்டுக்கொண்டிருந்த ஷிம்னா. தாஸிம் கதையைத் தொடர்ந்தான்.

அந்த ராத்திரி உள்ளே இறங்கியது ரோபோ. ர்ர்ர்ர்... நின்றது. அது உள்ளே பார்ப்பதை வெளியே காட்டும் திரை கறுத்தது. அஷ்பாக்கின் கையிலிருந்த ரோபோவின் கேபிள் இழுபட்டது. ஒன்று... இரண்டு... மூன்று.

"சேர், உள்ளுக்கிருந்து ஆரோ இழுக்கிறாங்க!"

"புது மெஷின் அப்படித்தான். வெளிய எடும்," என்றது வோக்கிடோக்கியில் சவுந்தரநாயகத்தின் குரல்.

எடுத்தான். ரோபோ வந்தது, கேபிளும் வந்தது. ஆனாலும் ஆளில்லாத தாங்கிக்குள் ஏதோ இரும்பைத் தட்டியது. டொக். டொக். டொக். பிடரியில் எண்ணெய் வாடை... சூடாக, மூச்சு மாதிரி. திரும்பினான்.

ஆணியில் ஏழாம் இலக்கம். ஈரமாய். இன்னும் ஆடிக்கொண்டு.

சவுந்தரநாயகம் குடையோடு வந்தார். தகட்டைப் பார்த்தார்.

"உள்ளுக்கு ஆள் இருக்கா?"

டொக். டொக். டொக்.

"இல்ல சேர்," என்றான் அஷ்பாக்.

மறுநாள் பாதுகாப்பு நடவடிக்கை எடுக்கப்பட்டது. ஆணியைப் பிடுங்கிவிட்டார்கள்.